வீட்டுக்குள் ஒரு ரெய்டு!

‘ரெய்டு’ என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? வாசலில் வந்து நிற்கும் கார்; அதிலிருந்து இறங்கும் அதிகாரிகள்; “பீரோச் சாவி எங்கே?” என்ற அதட்டல், எதிர்வீட்டு ஜன்னலில் வரிசையாக முளைக்கும் தலைகள்! பயப்படாதீர்கள். இந்த வாரம் நான் சொல்லப் போகும் ரெய்டு அதுவல்ல. அந்த ரெய்டு, வீட்டில் உள்ளதை எடுத்துக்கொண்டு போக வருவது. இந்த ரெய்டோ, வீட்டில் உள்ளது எங்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வருவது.

கம்ப்யூட்டர் சமாசாரம்தான். “அதெல்லாம் பிள்ளைகளின் விஷயம், நமக்கெதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் போட்டோக்கள் இப்போது எங்கே இருக்கின்றன? கறுப்பு அட்டை ஒட்டிய ஆல்பத்திலா? குழந்தை முதன்முதலாகத் தத்தித் தத்தி நடந்த படம், காலமாகிவிட்ட மாமனார் ஆசீர்வதித்துப் பேசிய குரல், பெண்ணின் பரீட்சைச் சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் இன்று ஒரு டிஸ்க்குக்குள் அல்லவா அடைந்து கிடக்கின்றன! டிஸ்க் என்பது ஒரு யந்திரம். யந்திரம் என்றால் அதற்கும் ஒரு நாள் ஆயுள் முடியும். அதுவும் தகவல் சொல்லி அனுப்பிவிட்டா முடிகிறது? மாலையில் நன்றாயிருக்கும், காலையில் ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பரிகாரத்தை அமெரிக்காவில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கிளையைச் சேர்ந்த மூவர் 1988-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். டேவிட் பாட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் என்பது அவர்கள் பெயர். விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றை நம்பியிருப்பதைவிட, மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைக் கூட்டாக வேலை வாங்கலாம். அதில் ஒன்று படுத்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்படி செய்யலாம் என்பது அவர்கள் வாதம். ‘மலிவான டிஸ்க்குகளின் மிகைப்பட்ட அணி’ என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள்தான் ‘ரெய்டு’. பிறகு வியாபாரிகள் ‘மலிவான’ என்பதைச் சத்தமில்லாமல் ‘சுதந்திரமான’ என்று மாற்றிவிட்டார்கள். மலிவு என்று சொல்லிக்கொண்டு விலையை ஏற்ற முடியாது, பாருங்கள்!

அந்தக் கட்டுரை ஐந்து விதமான ஏற்பாடுகளை வரிசைப்படுத்திச் சொல்கிறது. முதலாவது வீட்டுக்கு மிகவும் பொருத்தமானது. அதற்குக் கண்ணாடி முறை என்று பெயர். இரண்டு டிஸ்க்குகள்; ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே க்ஷணத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒரே கணக்கை இரண்டு குமாஸ்தாக்கள் இரண்டு பேரேட்டில் எழுதிக்கொண்டே வருவது மாதிரி. ஒருவர் திடீரென்று வேலைக்கு வராமல் போனாலும் கடை நடக்கும். இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், நான்கு டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினாலும் கையில் கிடைக்கும் இடம் நான்கு டெராபைட்தான். இரண்டுக்குப் பணம் கொடுத்து ஒன்றைப் பெறுகிறோம். ஆனால் நிம்மதியும் ஒரு சாமான்தானே?

இந்த ஜோடியைச் சேர்த்து நடத்துவதற்குத் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி நகர மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிவைத்தாரே, லினக்ஸ், அதுவே இந்தக் காரியத்தைச் செய்துவிடும். ஆஸ்திரேலியாவில் இருந்த நீல் பிரவுன் என்பவர் 2001-இல் இதற்கென்று ‘எம்டிஆட்ம்’ என்ற சாதனத்தை எழுதினார். இன்றைக்கும் லினக்ஸில் ஜோடி சேர்க்கும் புரோகிதர் அவர் எழுதிய எம்டிஆட்ம்தான். ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று, டிஸ்க் இரண்டு, லினக்ஸ் ஒன்று, தீர்ந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டகம் தயார்.

இவ்வளவுதானா என்றால், இவ்வளவு இல்லை. ஜோடி சேர்ப்பது சுலபம். கல்யாணம் செய்து வைப்பது எப்போதுமே சுலபந்தான். மறுநாள் காலையில் எழுந்து இருவரும் குடித்தனம் நடத்த வேண்டுமே, அங்கேதான் சங்கடம்! மின்சாரம் போய் வந்ததும், கம்ப்யூட்டர் தானாக விழித்தெழுந்து, இரண்டு டிஸ்க்குகளையும் கண்டுபிடித்து, ஜோடி சேர்த்து, வழக்கமான இடத்தில் பெட்டகத்தைத் திறந்து வைக்க வேண்டும். அதில்தான் பல வீடுகளில் கோளாறு. எங்கே கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரியவன், சின்னவன்

லினக்ஸ் விழிக்கும்போது கண்ணில் படும் முதல் டிஸ்க்குக்கு ‘எஸ்டிஏ’ என்று பெயர் வைக்கிறது, அடுத்ததற்கு ‘எஸ்டிபி’, அதற்கடுத்தது ‘எஸ்டிசி’. கியூவில் நிற்பவர்களை “முதல் ஆள் வாங்க, இரண்டாவது ஆள் வாங்க” என்று கூப்பிடுவது மாதிரி. நேற்று முதலில் நின்றவர் இன்றும் முதலில் நிற்பார் என்பது என்ன நிச்சயம்? ஒரு டிஸ்க் கண்விழிக்கக் கொஞ்சம் தாமதித்தாலோ, யாராவது ஒரு பென் டிரைவைச் செருகி வைத்திருந்தாலோ, வரிசை மாறிவிடும். அப்போது எஸ்டிபி என்ற பெயரை நம்பி எழுதிவைத்த உத்தரவு, யாரோ முன்பின் தெரியாத ஆசாமியின் தலையில் போய் விழும்.

நம்முடைய பள்ளிக்கூடச் சான்றிதழில் ‘அங்க அடையாளம்’ என்று ஒரு கட்டம் உண்டல்லவா? “இடது முழங்கையில் ஒரு மச்சம்” என்று அதில் எழுதுவார்கள். மனிதன் பெயரை மாற்றிக்கொண்டாலும் மச்சம் மாறாது. டிஸ்க்குகளுக்கும் அப்படி ஒரு மச்சம் உண்டு. அதற்கு யுயுஐடி என்று பெயர். 32 இலக்கங்கள் கொண்ட நீண்ட எண். நடுவே நான்கு சிறு கோடுகள். உலகத்தில் இன்னொன்றுக்கு அதே எண் அமைவது அநேகமாக நடக்காத காரியம். பெயரை விட்டுவிட்டு மச்சத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது முதல் பாடம்.

ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இங்கே சறுக்குகிறார்கள். ஜோடிக்கு ஒரு மச்சம்; ஜோடியின் மேல் அமைந்த ஃபைல் சிஸ்டத்துக்கு வேறொரு மச்சம். பீரோவுக்கு ஒரு நம்பரும் உள்ளே இருக்கும் லாக்கருக்கு ஒரு நம்பரும் இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். ‘பிளாக்ஐடி’ என்று கேட்டால் லினக்ஸ் எல்லா எண்களையும் ஒப்பிக்கும். எந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘லினக்ஸ் ரெய்டு மெம்பர்’ என்று போட்டிருக்கிறதோ, அது பீரோவின் எண். இரண்டு டிஸ்க்கிலும் அது ஒன்றாகவே இருக்கும். எந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘எக்ஸ்ட்4’ என்பது போன்ற ஃபைல் சிஸ்டத்தின் பெயர் இருக்கிறதோ, அது லாக்கரின் எண். ஜோடியைச் சேர்க்க முதலாவது வேண்டும். பெட்டகத்தைத் திறக்க இரண்டாவது வேண்டும். இதை அதற்கும் அதை இதற்கும் மாற்றிக் கொடுத்தால் லினக்ஸ் உதட்டைப் பிதுக்கிவிடும்.

கட்டுச்சோற்று மூட்டை

ஜோடிக்கு நாம் ‘எம்டி0’ என்று பெயர் வைத்திருப்போம். மறுநாள் பார்த்தால் ‘எம்டி127’ என்ற பெயரில் அது நிற்கும்! “நான் வைத்த பெயர் எங்கே? இந்த நூற்றிருபத்தேழு எங்கிருந்து வந்தது?” என்று திகைக்காதவர்கள் குறைவு.

விஷயம் வேறொன்றுமில்லை. இந்த ஜோடி யாருடையது என்று லினக்ஸுக்குத் தெரியவில்லை. வேற்றூர் விருந்தாளி என்று நினைத்து, கடைசி வரிசையில் காலியாயிருந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. சொந்தக்காரர்களுக்கு முன்வரிசை; விருந்தாளிகளுக்கு 127-இலிருந்து பின்னோக்கி 126, 125 என்று நம்பர். கம்ப்யூட்டரின் பெயரை நீங்கள் மாற்றினாலும் இதே கதைதான். ஏனென்றால் ஜோடி சேர்ந்தபோது எந்த வீட்டில் சேர்ந்தோம் என்பதை டிஸ்க் தன் ஏட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. வீட்டின் பெயர் மாறினால் “இது நம் வீடு இல்லையே!” என்று அந்நியமாகிவிடுகிறது.

ஆகவே, “இந்த ஜோடி நம்முடையது; இதன் மச்சம் இது” என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதும் இடம் ‘எம்டிஆட்ம்.கான்ஃப்’ என்ற ஏடு. டெபியன், உபுண்டு வகையறாக்களில் அது ‘எட்சி’ என்ற அறைக்குள் ‘எம்டிஆட்ம்’ என்ற உள்ளறையில் இருக்கும். ஃபெடோரா வகையில் நேராக எட்சியிலேயே இருக்கும். எழுத வேண்டிய வரியை நீங்கள் யோசித்துத் தயாரிக்க வேண்டாம். ‘எம்டிஆட்ம் --டீடெயில் --ஸ்கேன்’ என்று கேட்டால் அதுவே சொல்லும். அதை அப்படியே பிரதி எடுத்து ஏட்டில் சேர்க்கலாம். முன்பே அந்த ஜோடிக்கு ஒரு வரி இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். ஒரே பெண்ணுக்கு இரண்டு முகூர்த்தப் பத்திரிகை கூடாது.

இதை எழுதிவிட்டு “அப்பாடா!” என்று கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பிப் பார்த்தால், மறுபடியும் 127 வந்து நிற்கும். ஏன்?

லினக்ஸ் பயணம் புறப்படுகிறபோதே ஒரு கட்டுச்சோற்று மூட்டையைக் கையோடு எடுத்துக்கொள்கிறது. அதற்கு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று பெயர். வீட்டின் அறைகள் இன்னும் திறக்காத அதிகாலை நேரத்தில் இந்த மூட்டையை அவிழ்த்துத்தான் அது பசியாறுகிறது. டிஸ்க்குகளைத் தேடி ஜோடி சேர்ப்பதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். மூட்டைக்குள் இருக்கும் ஏடோ, அதைக் கட்டிய நாளில் இருந்த பழைய ஏடு. நீங்கள் வீட்டில் இருக்கும் ஏட்டைத் திருத்தினீர்களே ஒழிய, மூட்டையைத் திரும்பக் கட்டவில்லை! டெபியன், உபுண்டுவில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ என்றும், ஃபெடோராவில் ‘டிராகட் -எஃப்’ என்றும் சொன்னால் புது மூட்டை தயாராகும். ஏட்டைத் தொட்டால் மூட்டையைக் கட்டு என்று கதவில் எழுதி ஒட்டிவைத்தாலும் தப்பில்லை.

ஜாபிதாவில் ஆறு கட்டங்கள்

ஜோடி சேர்ந்தாயிற்று. இனிப் பெட்டகத்தை எந்த இடத்தில் திறந்து வைப்பது? அதற்கு ஒரு ஜாபிதா இருக்கிறது. ‘எஃப்எஸ்டேப்’ என்பது அதன் பெயர். கல்யாணச் சமையல்காரரிடம் கொடுக்கும் ஜாபிதாவைப் போல, வரிக்கு ஒரு சாமான். ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டங்கள். முதலில் எதைத் திறப்பது, இரண்டாவது எங்கே வைப்பது, மூன்றாவது எந்த வகை ஃபைல் சிஸ்டம், நான்காவது நிபந்தனைகள், ஐந்தாவது பழங்காலத்து நகல் முறைக்கானது, அதில் பூஜ்யம் போடலாம், ஆறாவது சோதனை வரிசை, நம் பெட்டகத்துக்கு இரண்டு. திரையில் ஆங்கில எழுத்தில் வருகிற அந்த வரியை உச்சரிப்பில் தருகிறேன்:

‘யுயுஐடி=(லாக்கரின் எண்) /குடும்பம் எக்ஸ்ட்4 டீஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2’

முதல் கட்டத்தில் எம்டி0 என்று எழுதாமல் மச்சத்தை எழுதியதைக் கவனியுங்கள். ஜோடி எம்டி0 என்று வந்தாலும் சரி, எம்டி127 என்று வந்தாலும் சரி, மச்சம் ஒன்றுதானே? பெட்டகம் திறந்துவிடும். ஏடு, மூட்டை, மச்சம் மூன்றும் சேர்ந்தால்தான் பந்தோபஸ்து.

நான்காவது கட்டத்தில் இருக்கும் ‘நோஃபெயில்’ என்ற சொல்லை மட்டும் தனியே எடுத்துப் பேச வேண்டும். நாதஸ்வரக் கோஷ்டி வரத் தாமதமானால் முகூர்த்தம் நிற்கலாமா? கூடாது. ஆனால் லினக்ஸின் சுபாவம் அப்படியில்லை. ஜாபிதாவில் ஒரு சாமான் வரவில்லை என்றால், வழக்கமாக 90 விநாடி காத்துப் பார்க்கும். பிறகு ‘அவசர நிலை’ என்று அறிவித்து அப்படியே உட்கார்ந்துவிடும். அந்தக் கம்ப்யூட்டரோ பரண்மேல் இருக்கிறது. அதற்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. அமைத்துக் கொடுத்த மகனோ வெளியூரில். அவன் அங்கிருந்து எட்டிப் பார்க்கலாம் என்றால் வலைத் தொடர்பும் எழுந்திருக்கவில்லை. டெலிபோனில் தாயும் பிள்ளையுமாக, “விளக்கு எரிகிறதா அம்மா?” “எரிகிறதுடா!” என்று பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நோஃபெயில் என்று போட்டுவிட்டால், “பெட்டகம் வராவிட்டாலும் மற்ற வேலைகளை நடத்து” என்று அர்த்தம். கம்ப்யூட்டர் எழுந்துவிடும், மகனும் வெளியூரிலிருந்தே உள்ளே புகுந்து சரிசெய்வான்.

சுவர் மாடத்தில் ஒளிந்த பேரன்

நோஃபெயில் நல்ல மருந்துதான். ஆனால் எந்த நல்ல மருந்துக்கும் பத்தியம் உண்டு. நமது வாசகி ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

அவர் வீட்டுப் பெட்டகத்தில் போன்களிலிருந்து படங்கள் இரவுதோறும் தாமாகவே வந்து சேரும்படி ஏற்பாடு. ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. ஜாபிதாவில் எம்டி0 என்று எழுதியிருந்தது. ஜோடியோ எம்டி127 என்று வந்து நின்றது. பெட்டகம் திறக்கவில்லை. நோஃபெயில் இருந்ததால் கம்ப்யூட்டர் வாய் திறவாமல் எழுந்து வேலை பார்க்க ஆரம்பித்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து, மாமனார் திவசத்துக்கு அவருடைய படத்தைத் தேடியபோதுதான் பழைய படங்கள் ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. மகன் டெலிபோனில் வழி சொல்ல, அந்த அம்மாளே உட்கார்ந்து தட்டெழுதிப் பெட்டகத்தைத் திறந்தார். மாமனார் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் மூன்று மாதத்துப் புதுப் படங்கள் அத்தனையும் மறைந்துவிட்டன. பேரன் முதல் அடி எடுத்து வைத்ததும் அதில்தான். போன்களில் இடம் போதாமல் அங்கே எல்லாவற்றையும் அழித்தும் ஆகிவிட்டது. தாத்தா வந்தார், பேரன் போனான்! அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பேரன் எங்கும் போகவில்லை. நடந்தது இதுதான். பெட்டகத்தைத் திறந்து வைக்கும் இடம் என்கிறோமே, அது சுவரில் இருக்கும் ஒரு மாடம் மாதிரி. அதற்கு முன்னால் அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். அலமாரி வராத மூன்று மாதமும் படங்கள் எல்லாம் சுவர் மாடத்திலேயே குவிந்தன. பிறகு அலமாரி வந்து முன்னால் நின்றதும் மாடம் மறைந்துவிட்டது. அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் போதும். ‘அன்மவுண்ட்’ செய்வது என்பது அதுதான்; அதற்குக் கட்டளை ‘யுமவுண்ட்’. அப்படி நகர்த்தியதும் மூன்று மாதப் படங்களும் அங்கே பத்திரமாக இருந்தன. அவற்றை வேறோரிடத்துக்கு மாற்றிவிட்டு, அலமாரியை நிறுத்தி, அதற்குள் அடுக்கிவிட்டார்கள்.

ஆனாலும் இதில் ஓர் ஆபத்து தப்பியது என்பதை மறக்க வேண்டாம். மூன்று மாதமும் அந்தப் படங்கள் ஜோடி இல்லாத ஒற்றை டிஸ்க்கில் அல்லவா இருந்தன! அது அந்தச் சமயத்தில் மண்டையைப் போட்டிருந்தால்?

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அலமாரி இல்லாத சமயத்தில் மாடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட வேண்டும். பெட்டகம் திறக்காமல் இருக்கும்போது, அந்தக் காலி இடத்துக்கு ‘சிஹெச்ஆட்டர் +ஐ’ என்ற கட்டளையைக் கொடுத்தால் பூட்டு விழுந்துவிடும். அதன்பின் அலமாரி வராவிட்டால், அங்கே எதையும் வைக்க முடியாது. படம் அனுப்பும் போன் “முடியவில்லை” என்று கூச்சல் போடும். கூச்சல் போடட்டுமே! வீட்டில் சத்தம் போடுகிற கோளாறைவிடச் சத்தம் போடாத கோளாறுதான் பொல்லாதது. அலமாரி வந்து நின்றால் இந்தப் பூட்டு அதைக் கட்டுப்படுத்தாது, வழக்கம்போல் புழங்கலாம்.

ஒற்றைக் காலில் நிற்கும் ஜோடி

இரண்டில் ஒன்று செத்துப் போயிருக்கும்போது கம்ப்யூட்டர் விழித்தால் என்ன ஆகும்? லினக்ஸ் கொஞ்சம் பொறுமை காட்டும். “தம்பி வருகிறானா பார்ப்போம்” என்று சுமார் 30 விநாடி காத்திருக்கும். வராவிட்டால், இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டே பெட்டகத்தைத் திறக்கும். போட்டோக்கள் எல்லாம் தெரியும். ஒரு குறையும் தெரியாது. அதுதான் குறை!

இரண்டு குமாஸ்தாக்களில் ஒருவர் நின்றுவிட்டார். மற்றவர் முகத்தைச் சுளிக்காமல் வேலை பார்க்கிறார். முதலாளிக்குத் தெரியவே தெரியாது. ஒரு வருஷம் கழித்து அவரும் படுத்துக்கொண்டால்தான் தெரிகிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஜோடி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. ‘/பிராக்/எம்டிஸ்டாட்’ என்ற ஏட்டைத் திறந்து பாருங்கள். அதில் கட்ட அடைப்புக்குள் ஆங்கில ‘யு’ எழுத்து இரண்டு சேர்ந்து நின்றால் இருவரும் க்ஷேமம். ஒரு ‘யு’வும் பக்கத்தில் வெறும் கோடும் இருந்தால், ஒருவர் போய்விட்டார். இதைப் பார்க்கப் பட்டம் வேண்டாம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது காலண்டரைப் பார்க்கவில்லையா, அதுபோல் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மறதி உள்ளவர்களுக்காக, எம்டிஆட்ம்.கான்ஃப் ஏட்டில் ‘மெயில்ஆடர்’ என்று போட்டு உங்கள் ஈ-மெயில் விலாசத்தை எழுதி வைக்கலாம். கம்ப்யூட்டரில் தபால் அனுப்பும் வசதியும் செய்திருந்தால், டிஸ்க் விழுந்த அன்றே கடிதம் வந்துவிடும். அனுப்புகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரேடுகளையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. அன்றைக்குக் கம்ப்யூட்டர் மெதுவாக நடந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புது டிஸ்க் வாங்கிப் பூட்டி, ‘எம்டிஆட்ம்’மிடம் ‘--ஆட்’ என்று சொன்னால், அது பழையதைப் பார்த்துப் புதியதில் பிரதி எடுக்கத் தொடங்கும். விநாடிக்கு 150 மெகாபைட் வீதம் போனால், நான்கு டெராபைட்டுக்கு ஏறக்குறைய ஏழரை மணி ஆகும். ஏழரை என்றதும் திடுக்கிட வேண்டாம். இந்த ஏழரை நன்மைக்குத்தான். அது முடிகிறவரை கம்ப்யூட்டரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. வயர் கழன்றதால் ஒரு மாதம் வராமல் இருந்த டிஸ்க் திரும்பி வந்தால், லினக்ஸ் அதன் கணக்கை நம்பாது. ஒவ்வொரு பேரேட்டிலும் ஒரு நிகழ்ச்சி எண் ஏறிக்கொண்டே போகிறது. பின்தங்கியவருடைய எண் குறைவாக இருக்கும். “உன் கணக்கு பழசு, வெளியே நில்” என்று சொல்லிவிடும். அது நியாயந்தானே? ‘--ஃபோர்ஸ்’ என்று சிலர் பலவந்தம் செய்வார்கள். பலவந்தத்தில் சேர்த்த ஜோடியில் எது நிஜம், எது பழசு என்று பிறகு பிரித்தெடுக்கப் பிரம்மாவாலும் ஆகாது. முறையாக ‘--ஆட்’ என்றே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே ஒரு ஒத்திகை

எல்லாம் எழுதியான பின், ‘ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை’ என்று சொல்லி ஜாபிதாவில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். ‘மவுண்ட் -ஏ’ என்று சொல்லிப் பெட்டகம் திறக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு கம்ப்யூட்டரை நிஜமாகவே அணைத்து எழுப்பிப் பாருங்கள். நாடகத்துக்கு ஒத்திகை இருக்கிறது. குடும்பப் பொக்கிஷத்துக்கு வேண்டாமா?

துணிச்சல் உள்ளவர்கள், படங்களுக்கெல்லாம் வேறோரிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பார்க்கலாம். ஒற்றைக் காலிலும் எழுகிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு அணைத்து, வயரைச் செருகி, அந்த டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்து, பிரதி முடியும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு உடனே மற்றதைக் கழற்றிச் சோதிக்கக் கூடாது. அப்படிச் செய்தால், ஒரு பேரேட்டில் திங்கட்கிழமைக் கணக்கும் மற்றதில் செவ்வாய்க்கிழமைக் கணக்குமாக இரண்டு சரித்திரம் உண்டாகிவிடும்.

கண்ணாடியால் ஆகாத காரியம்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். கண்ணாடி என்ன செய்யும்? நீங்கள் சிரித்தால் சிரிக்கும், அழுதால் அழும். ஒரு படத்தைக் கை தவறி அழித்தால், அதே க்ஷணத்தில் கண்ணாடியும் அழித்துவிடும்! டிஸ்க் சாகாமல் காப்பது இந்த ஜோடியின் வேலை இல்லை. டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் காப்பதுதான் வேலை. தவறிய கைக்கும், திருடனுக்கும், வெள்ளத்துக்கும் அது பதில் சொல்லாது.

1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் படக் கம்பெனியில் ‘டாய் ஸ்டோரி 2’ என்ற சித்திரப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிய ஆரம்பித்தன. சரி, நகல் எடுத்து வைத்திருக்கிறோமே என்று அதைப் பார்த்தால், அதுவும் சரியாக வேலை செய்யாமல் இருந்தது. எத்தனையோ பேர் ராப்பகலாக உழைத்த உழைப்பு! அப்போது கேலின் ஸஸ்மன் என்ற பெண்மணி, “என் வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது” என்றார். அவருக்குக் குழந்தை பிறந்து சில காலந்தான் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றி, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது போலப் பத்திரமாக ஆபீசுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். படம் பிழைத்தது.

பெரிய கம்பெனியின் பெரிய யந்திரங்களால் ஆகாததை ஒரு தாயின் வீட்டில் இருந்த பிரதி செய்தது, பார்த்தீர்களா? ஆகையால் ஜோடியை நன்றாக அமையுங்கள்; காலையில் தவறாமல் எழுந்து கதவைத் திறக்கும்படி செய்யுங்கள். அதோடு, இன்னொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து, அடுத்த முறை அக்கா வீட்டுக்கோ அம்மா வீட்டுக்கோ போகும்போது, பழம், பூ, முறுக்கு டப்பாவோடு அதையும் பையில் வையுங்கள். அங்கே பீரோவில் அது சும்மா கிடக்கட்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் புதுப்பித்துவிட்டு வரலாம். பிறந்தகம் போவதற்குக் காரணம் ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?